டை கட்டின மூன்றரை வட்டி

கட்டினா கடன் குறையணும். குறையணுமா இல்லையா?

அக்கா பையன் நொய்டாவுல வேலை பாக்கறான். சனிக்கிழமை ஆனா மயூர் விஹார்ல எங்க வீட்டுக்கு வந்துடுவான். (பாசம் சித்தி மேலயா, சித்தி வைக்கிற வத்தக்குழம்பு மேலயான்னு நான் கேட்டுக்கறதில்லை.) போன தடவை வந்தவன் சாப்பாட்டைத் தொடாம போனையே முறைச்சுகிட்டு உக்காந்திருந்தான்.

"சித்தி, அறுபதாயிரம் பாக்கி இருந்துச்சு. மூவாயிரம் கட்டினேன். இப்ப பாக்கி அறுபதாயிரத்து ஐநூத்தி அறுபதுன்னு காட்டுது. ஆப்புல ஏதோ கோளாறு."

கோளாறெல்லாம் இல்லைடா கண்ணா. ஆப் ரொம்ப ஒழுங்கா வேலை செய்யுது.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமில்லை. வெளிய ஜூன் மாச வெயில், உள்ள கூலர் வெறும் வெந்நீர்க் காத்தை ஊதுது, நடுவுல இந்த பில். பேப்பரை எடுத்து கணக்குப் போட உக்காந்தோம்.

மே 5ஆம் தேதி நேரு பிளேஸ்ல லேப்டாப் வாங்கியிருக்கான். 60,000 ரூபாய். மே 20 பில். ஜூன் 8 கடைசி நாள். பில்லுல ரெண்டு தொகை இருக்கும், பாத்திருப்பீங்க. ஒண்ணு மொத்த பாக்கி. இன்னொண்ணு 'மினிமம் டியூ', அதாவது 3,000. இவன் ஜூன் 8ஆம் தேதியே 3,000 கட்டிட்டான். "மினிமம்னுதானே போட்டிருக்கு, கட்டிட்டேன், பிரச்சினை இல்லை"ன்னு நிம்மதியா தூங்கியிருக்கான்.

ஜூன் 20 பில்லுல வட்டி மட்டும் 3,017.

"57,000 மேல மூன்றரை பெர்சென்ட்னா 1,995தானே சித்தி வரணும்?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். வட்டி ஜூன் 8லேர்ந்து ஓடாது. லேப்டாப் வாங்கின மே 5லேர்ந்து ஓடும். முழுசா கட்டியிருந்தா அந்த 'வட்டியில்லாக் காலம்' உண்டு. ஒரு பகுதியை பாக்கி வெச்சா, பாக்கித் தொகைக்கு அந்தச் சலுகை மொத்தமா போச்சு. 46 நாள், வருஷத்துக்கு 42 சதவீதம், 57,000 மேல. போட்டுப் பாருங்க, 3,017 வரும்.

அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 543 ரூபாய். ஆமாங்க, வட்டிக்கு ஜிஎஸ்டி. வீட்டுக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பர்சனல் லோன் வட்டிக்குக் கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. (அந்த வரியை எழுதினவர் தன் கார்டு பில்லை மாசாமாசம் முழுசா கட்டறவரா இருக்கணும்.)

ஆக 3,000 கட்டினான், 3,560 ஏறிச்சு.

இன்னும் இருக்கு. புது பில்லுல மினிமம் 6,410. கட்டக் கட்ட கடன் ஏறிகிட்டே போற மாதிரி மினிமம் தொகையை வைக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022ல சொல்லிடுச்சு. அதனால ஏறின வட்டி, வரி முழுசையும் அடுத்த மினிமத்துல சேத்துடுறாங்க. நல்ல விதிதான். ஆனா 3,000 புரட்டவே மூச்சு வாங்கினவனுக்கு 6,410ன்னு வந்தா?

அதோட விடலை. பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா எது வாங்கினாலும் வாங்கின நாள்லேர்ந்தே வட்டி. ஞாயித்துக்கிழமை ஆர்டர் பண்ற பிரியாணிக்கு திங்கக்கிழமையே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, நேரு பிளேஸ் கடைக்காரர் "கார்ட் சே தோ பர்சென்ட் எக்ஸ்ட்ரா லகேகா"ன்னு சொன்னதுக்கு இந்தப் பிள்ளை கால் மணி நேரம் மல்லுக்கட்டி, அந்த 1,200 ரூபாயைத் தரமாட்டேன்னு ஜெயிச்சுட்டு வந்திருக்கான். அதைப் பெருமையா வேற சொல்றான்.

(அந்த ரெண்டு பெர்சென்ட் கதையையும் இங்கயே சொல்லிடறேன், அப்புறம் மறந்துடுவேன். டெபிட் கார்டுக்கு இத்தனை சதவீதம்னு கடைக்காரர் கூடுதலா வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லியாச்சு. ஆனா அந்த உத்தரவு போனது வங்கிகளுக்கு. அப்படி வாங்கற கடையோட உறவை முறிச்சுக்கோன்னு வங்கிக்குத்தான் சொல்லியிருக்கு. கடைக்காரர் ரிசர்வ் வங்கியோட ஆள் இல்லையே. அதனால கரோல் பாக்லயோ லாஜ்பத் நகர்லயோ கல்லாவுக்கு முன்னாடி நின்னு கத்தறதை விட, மிஷின் மேல எந்த வங்கி பேர் போட்டிருக்குன்னு பாத்து, பில்லோட அந்த வங்கிக்கு எழுதறது பலன் தரும்.)

சரி, வட்டிக்கு வருவோம்.

எங்க ஊர் தென்காசிப் பக்கம். அங்க வட்டியை யாரும் வருஷக் கணக்குல கேக்கமாட்டாங்க. "எத்தனை வட்டி?" அவ்வளவுதான் கேள்வி. ரெண்டு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். மூணு வட்டின்னா எங்கப்பா முகம் சுளிப்பார். அஞ்சு வட்டின்னா அந்த வீட்டுல என்னவோ கஷ்டம்னு தெரு பூரா பேசும். அக்கா பையன் வாங்கியிருக்கறது மூன்றரை வட்டி. ஏர்கண்டிஷன் ரூம்ல, டை கட்டினவங்க, லவுஞ்ச்ல ஓசி காபியோட குடுக்கற மூன்றரை வட்டி. ஜிஎஸ்டி சேத்தா நாலைத் தாண்டுது.

இந்த வட்டிக்கு நம்ம ஊர்ல கேஸ் போட்டு உள்ள தள்ளமாட்டாங்களான்னு இவன் கேட்டான். நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டுல 2003ல ஒரு சட்டம் வந்துச்சு, அநியாய வட்டி வாங்கறதைத் தடை பண்ற சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணிநேர வட்டின்னு நம்ம ஜனங்க வாயில இருக்கற பேரையெல்லாம் சட்டத்துக்குள்ளயே எழுதி வெச்சிருக்காங்க. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 30,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அப்படியும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல, குழந்தைங்களோட ஒரு குடும்பமே தீக்குளிச்சுது. கந்து வட்டிக் கொடுமைன்னு மனு குடுத்துப் பாத்தவங்க. அந்தப் படங்களைப் பாத்தவங்க யாரும் மறந்திருக்கமாட்டாங்க.

டெல்லிக்கும் லேவாதேவிக்காரங்களுக்குன்னு ஒரு சட்டம் உண்டு. 1938ஆம் வருஷத்துது, பிரிவினைக்கு முந்தின பஞ்சாப் சட்டம்.

ஆனா இந்த மாநிலச் சட்டம் எதுவும் வங்கிப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. அரசியல் சட்டத்துல லேவாதேவி மாநிலப் பட்டியல்ல இருக்கு, 30ஆவது இனம். வங்கித் தொழில் மத்தியப் பட்டியல்ல, 45ஆவது இனம். 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேல போயி, ரிசர்வ் வங்கி கண்காணிப்புல இருக்கற நிதி நிறுவனங்களுக்கும் மாநில லேவாதேவிச் சட்டம் செல்லாதுன்னுடுச்சு. கேரளாவும் குஜராத்தும் சம்பந்தப்பட்ட வழக்கு அது. (தீர்ப்பை எழுதினவர் நம்ம ஊர்க்காரர், நீதிபதி வி. ராமசுப்பிரமணியன்.)

சரி, மாநிலம் கேக்க முடியாது. கோர்ட்டாவது கேக்கலாமா? வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துல 21ஏன்னு ஒரு பிரிவு, 1984லேர்ந்து இருக்கு. வட்டி அதிகம்ங்கற காரணத்தைக் காட்டி, வங்கி குடுத்த கடன் கணக்கை எந்தக் கோர்ட்டும் திரும்பத் திறக்கக் கூடாது. நேரடியா, வளைக்காம, அப்படியே எழுதியிருக்கு.

இதைப் படிச்சதும் பையன் வத்தக்குழம்பைப் பக்கத்துல இழுத்து வெச்சுகிட்டான். துக்கத்துலதான் நல்லா பசிக்கும்போல.

ஆனா பாருங்க, இதே டெல்லியில ஒரு காலத்துல ஒருத்தர் கேட்டார்.

ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு நான் முருங்கைக்காய்க்கும் சேனைக்கிழங்குக்கும் போவேன். (டெல்லித் தமிழச்சிகளுக்கு அது கோயில் மாதிரி.) அந்தப் பக்கத்துலதான் தேசிய நுகர்வோர் ஆணையம் இப்ப இருக்கு. 2008 ஜூலை 7ஆம் தேதி அந்த ஆணையம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. தலைவரா இருந்தவர் நீதிபதி எம்.பி. ஷா. ஆவாஸ்ங்கற அமைப்பு போட்ட வழக்கு. வங்கிகள் 36லேர்ந்து 49 சதவீதம் வரைக்கும் கார்டு வட்டி வாங்கறாங்க, இது அடுக்குமான்னு கேட்டிருந்தாங்க.

ஆணையம் மூணு விஷயம் சொல்லுச்சு. 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கினா அது நியாயமற்ற வணிக நடைமுறை. தாமத அபராத வட்டியை ஒரு தவணைத் தவறுக்கு ஒரு தடவைதான் போடணும், அதை அசலோட சேக்கக் கூடாது. மாசாமாசம் வட்டிக்கு வட்டி போடறதும் தப்பு.

அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் 10லேர்ந்து 18 சதவீதத்துக்குள்ள இருக்கு, ஆஸ்திரேலியாவுல 18லேர்ந்து 24, நம்ம நாட்டுல மட்டும் ஏன் இப்படின்னு பட்டியல் போட்டுக் கேட்டிருந்தாங்க. நான் அந்தத் தீர்ப்பைப் படிச்சப்ப, அட, நம்ம வீட்டுப் பெரியவங்க திண்ணையில உக்காந்து கேக்கற கேள்வியை அப்படியே கோர்ட் பாஷையில கேட்டிருக்காரேன்னு தோணுச்சு.

வங்கிகள் சும்மா இருக்குமா? எச்எஸ்பிசி, சிட்டி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் எல்லாம் நேரா சுப்ரீம் கோர்ட். தடை. அப்புறம் வழக்கு தூங்குச்சு. எவ்வளவு நாள்னு நினைக்கிறீங்க? தீர்ப்பு வந்த வருஷம் பொறந்த குழந்தை பத்தாம் கிளாஸ் பரீட்சைக்குப் படிக்கற வயசு வரைக்கும்.

2024 டிசம்பர் 20. நீதிபதிகள் பேலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு. ஆணையத்தோட தீர்ப்பு ரத்து. கார்டு வாங்கறவர் நிபந்தனையைப் படிச்சு ஒத்துகிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், ரெண்டு பேர் பேசி முடிச்ச ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியோட வேலைன்னுட்டாங்க.

படிச்சு ஒத்துகிட்டு!

மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல குடை போட்டு நிக்கற பையன் "சார், லைஃப்டைம் ஃப்ரீ சார்"ன்னு டேப்லெட்டை நீட்டுவான். ஓடிபி சொல்லு, இங்க டிக் பண்ணு, ஒரு பை இலவசம். இதுல யாருங்க அம்பது பக்கத்தைப் படிச்சாங்க? சட்டப்படி தீர்ப்பு சரியாவே இருக்கலாம். 21ஏ இருக்கற வரைக்கும் வேற மாதிரி வந்திருக்கவும் முடியாதுன்னு வக்கீல் நண்பர் ஒருத்தர் சொல்றார். எனக்கு சட்டத்து மேல கோபம் இல்லை. "வட்டி ரிசர்வ் வங்கியோட வேலை"ன்னு கோர்ட் சொல்லுது. ரிசர்வ் வங்கியோ "வட்டி நியாயமா இருக்கணும், காரணம் காட்டக்கூடியதா இருக்கணும், உச்ச வரம்பை உங்க போர்டே வெச்சுக்கோங்க"ன்னு வங்கி கையில குடுத்துடுச்சு. வட்டி வாங்கறவரே வரம்பு வைக்கிறார். அந்த வரம்பு எங்க இருக்கும்? அதான் 42ல, 45ல நிக்குது.

அமெரிக்காவுல மட்டும் என்ன வாழுதுன்னு தேடிப் பாத்தேன். அங்க இன்னும் பெரிய கூத்து. அங்க வட்டி உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேற. மின்னசோட்டாவுல 12 சதவீதம். நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவுல இருக்கற ஒரு வங்கி, தன் ஊர் வழக்கப்படி 18 சதவீதத்துக்கு மின்னசோட்டாக்காரங்களுக்குக் கார்டு வித்துச்சு. கேஸ் உச்ச நீதிமன்றம் போச்சு. 1978ல தீர்ப்பு. வாடிக்கையாளர் எங்க இருந்தா என்ன, வங்கி எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலச் சட்டம்தான்.

விடுவாங்களா? தெற்கு டகோட்டா மாநிலம் உச்சவரம்பையே எடுத்துட்டு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சுது. 1981ல சிட்டிபேங்க் தன் கார்டு தொழிலை நியூயார்க்லேர்ந்து அங்க சூ ஃபால்ஸ்ங்கற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அம்பது மாநிலத்துல ஒண்ணு வேலியைப் பிடுங்கினா போதும், மத்த நாப்பத்தொம்பது வேலியும் சும்மா அலங்காரத்துக்குத்தான். நம்ம ஊர்ல அந்தச் சிரமம் கூட வைக்கலை, மத்தியிலயே முடிச்சுட்டாங்க.

இதெல்லாம் கேட்டுட்டுப் பையன், "அப்ப நமக்கு எதுவுமே இல்லையா சித்தி?"ன்னான்.

இருக்கு. வட்டி எவ்வளவுங்கறதுல கை வைக்க முடியாது. ஆனா நடத்தையில வைக்கலாம். அந்த 2022 ரிசர்வ் வங்கி விதிகள் நிஜமாவே பல்லு உள்ள விதிகள். உதாரணத்துக்கு, கடைசி நாள் தாண்டி மூணு நாள் வரைக்கும் தாமதக் கட்டணம் போடக்கூடாது. கேக்காத கார்டை அனுப்பி அதுக்குக் கட்டணமும் போட்டா, கட்டணத்தைத் திருப்பிக் குடுக்கறதோட, அதுல ரெண்டு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தரணும்.

திருட்டு நடந்தா 2017 ஜூலைல வந்த விதி. வங்கி மேலயும் தப்பில்லாம, உங்க மேலயும் தப்பில்லாம எவனோ கார்டுல காசு எடுத்துட்டான்னா, தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம். நாலுலேர்ந்து ஏழு நாள்னா, அஞ்சு லட்சம் வரைக்கும் லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000. தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்கற பொறுப்பும் வங்கிக்குத்தான். (ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா இது செல்லாது. எங்க மாடிவீட்டு ஆன்ட்டி மின்சார பில் கட்டலைன்னு வந்த போனுக்குச் சொல்லிட்டு, இப்பவும் அது பிஎஸ்இஎஸ் ஆள்தான்னு சாதிக்கறாங்க.)

வங்கி முப்பது நாளாகியும் பதில் சொல்லலையா, சொன்ன பதில் பிடிக்கலையா? ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைன்லயே போடலாம். 14448ன்னு போன் நம்பரும் இருக்கு.

அது சரிப்படலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம். வங்கியோட தலைமை ஆபீஸ் மும்பையில இருந்தா என்ன, குர்கான்ல இருந்தா என்ன. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை.

நடக்குமான்னு கேக்கறீங்களா? நடந்திருக்கு. டெல்லியில ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் ஒருத்தர். அவரோட எஸ்பிஐ கார்டு 2016ல காலாவதி ஆயிடுச்சு, புதுப்பிக்கலை. பில் மட்டும் வந்துகிட்டே இருந்துச்சு. கட்டலைன்னு கறுப்புப் பட்டியல்ல வேற சேத்துட்டாங்க, வேற வங்கியில கார்டு கேட்டா குடுக்கலை. 2023ல டெல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் எஸ்பிஐ கார்ட்ஸ் அவருக்கு ரெண்டு லட்சம் ரூபாய் குடுக்கணும்னு சொல்லுச்சு. செத்த கார்டுக்கு ரெண்டு லட்சம்! மனுஷர் வயசான காலத்துல விடாம நடந்திருக்கார் பாருங்க, அதுக்கே குடுக்கலாம்.

அக்கா பையன் விஷயம் என்னாச்சுன்னா, லேப்டாப் பாக்கியை அவங்கப்பா அடைச்சுட்டார். அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, வாராவாரம் போன்ல அரை மணி நேரம் பிரசங்கம் உண்டு. மூன்றரை வட்டியே தேவலைன்னு புலம்பறான்.

இதெல்லாம் படிச்சு உசுப்பேறி நானும் ஒரு காரியம் பண்ணினேன். பீரோவுல என்னோட கார்டு ஒண்ணு சும்மா கிடந்துது. பாக்கி எதுவும் இல்லை. மூடலாம்னு போன் பண்ணினேன். (எந்த வங்கின்னு கேக்காதீங்க.) மூடணும்னு சொன்ன உடனே அந்தப் பொண்ணு குரல்ல அப்படி ஒரு துக்கம். ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி மேடம். பாயின்ட்ஸ் போட்டுத் தரேன் மேடம். லிமிட்டை ஏத்தறேன் மேடம். கல்யாணத்துக்குப் பொண்ணைத் தர மறுத்த மாதிரி அவ்வளவு கெஞ்சல். அப்புறம் லைன் கட். மறுபடி பண்ணினா மறுபடி முதல்லேர்ந்து.

போனை வெச்சுட்டு மெயில் எழுதினேன். ரெண்டே வரி. மூடச் சொல்லிக் கேட்டா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், மூடலைன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபாய் எனக்குத் தரணும், 2022 விதி அப்படிச் சொல்லுது, இன்னையிலேர்ந்து எண்ண ஆரம்பிக்கறேன்.

பதில் இல்லை. ஏழு நாள் தாண்டிச்சு. தாண்டினதுக்கு அப்புறம்தான் மூடினாங்க. நான் தாமதமான நாளை 500ஆல பெருக்கி, கணக்கு நம்பரோட இன்னொரு மெயில் தட்டினேன். நம்ம வீட்டுக்காரர் "வருமா பாரு"ன்னு சிரிச்சார்.

வந்துச்சுங்க, முழுத் தொகையும். கூடவே ஒரு கடிதம்: எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரான தங்களுக்கு நல்லெண்ண அடிப்படையில் இத்தொகை வரவு வைக்கப்படுகிறது.

நல்லெண்ணமாம்ல.